வால்

நாற்பது கேள்வி, நாற்பது நிமிடம்.
தேறினால் மீத்திறன் பிள்ளை.
சனிக்கிழமை தோறும் வேலூரில் தனி வகுப்பு,
பஸ் காசு, மதியம் ஒரு முட்டை.
இருபது இடம்.
வினாத்தாள் கட்டோடு நான் காட்பாடிக்கு வந்தது மார்ச் மாதம்,
மின்விசிறி சுற்றியும் காற்று வராத மார்ச்.

தண்டவாளத்தை ஒட்டிய பள்ளி.
கூட்ஸ் வண்டி வந்தால் டீச்சர் பாதிச் சொல்லில் நிறுத்தி
போன பிறகு மீதியைச் சொல்வார்.
பிள்ளைகள் காத்திருப்பார்கள், வாய் திறந்தபடி.

பெர்சியாள், நான்காம் வகுப்பு:
நாற்பதுக்கு ஒன்பது.
மேற்பார்வையாளர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்,
‘பக்கத்துத் தாளைப் பார்த்தாள். மூன்று முறை.’

கூப்பிட்டுக் கேட்டேன்.
அழவில்லை. எனக்குத்தான் ஏதோ புரியவில்லை என்பதுபோல் நின்றாள்.
“விடையைப் பாக்கல மிஸ். நம்பரைப் பாத்தேன்.
என் தாள்ல எழுநூத்திப் பன்னெண்டு,
ரூபனுக்குப் பதிமூணு.
ஆனா இதுக்கெல்லாம் வாலே இல்ல.”

வாலா?

பையிலிருந்து ஒரு நோட்டு வந்தது, பின் அட்டை கிழிந்தது.
பக்கம் பக்கமாய்ப் பதினோரு இலக்க எண்கள்;
சரக்குப் பெட்டிகளின் விலாவில் வெள்ளையாய் எழுதியிருக்குமே, அவை.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனி வண்டியில் அம்மா வந்து இறங்கும்வரை
கேட்டோரம் நின்று, ரெண்டாம் வகுப்பிலிருந்து.

“வாலுக்கு முன்னாடி கீறது ஒண்ணு ஏறினா
வாலு மூணு எறங்கும் மிஸ்.
எட்டு, அஞ்சு, ரெண்டு.
அப்பறம் எறங்க எடமில்லன்னா
பத்து கடன் வாங்கி ஒம்போது.
பத்தைத் தாண்டறப்ப மட்டும் நாலு எறங்குது.
இன்னாத்துக்குன்னு தெரீல.
நூறைத் தாண்டற ஜோடி இன்னும் மாட்டல.”

நான் கணக்கில் முதுகலை.
அந்த கேட்டில் பதினேழு வருடம் நின்றிருக்கிறேன்,
ஸ்கூட்டரை அணைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைத் திட்டியபடி.
எனக்கு அந்தப் பெட்டிகள் எல்லாம் சேர்ந்து
ஒரே ஒரு தாமதம்.

விடைத்தாளை மறுபடி எடுத்தேன்.
முதல் ஒன்பது கேள்வியும் சரி.
பத்தாவதிலிருந்து வெறும் வெள்ளை,
அங்கேதான் வால் தேடப் போயிருக்கிறாள்.

ரூபனுக்கு முப்பத்தாறு.
அவனும் கெட்டிக்காரன், அதில் பொய்யில்லை;
வினாத்தாளில் இருந்த ஒரு பிழையை அவன்தான் காட்டினான்.

படிவத்தில் ‘இதர குறிப்பு’க்கு ஒரு விரற்கடை இடம்.
எழுதினேன். ஓரத்தில் ஏறி, பின்பக்கம் வழிந்தது.
மாவட்ட அலுவலகத்தில் மேடம் பொறுமையாகப் படித்தார்.
“இது எந்தத் திறன்? கணிதமா, தர்க்கமா, உற்றுநோக்கலா?
ஒரு கட்டத்தில்தான் டிக் அடிக்க முடியும்.”
அடித்தேன். எதில் என்று இப்போது ஞாபகமில்லை.

இடம் கிடைக்கவில்லை.
பக்கத்து அறையிலிருந்து
இருபத்தொன்றாவது நாற்காலியை நானே இழுத்துவந்தேன்.
பதிவேட்டில் இல்லாத நாற்காலி,
அதற்கு பஸ் காசு இல்லை, முட்டையும் இல்லை.
முட்டை விஷயத்தில் ரூபனும் அவளும்
என்ன ஏற்பாடு செய்துகொண்டார்கள் என்று
நான் விசாரிக்கவில்லை.

முதல் சனிக்கிழமை.
புதிர் அட்டைகள், வண்ணக் கட்டைகள், ஒரு பூதக்கண்ணாடி.
எல்லாவற்றையும் மரியாதையாகத் தொட்டுப் பார்த்துவிட்டு
பெர்சியாள் கேட்டாள்:
“எந்த ஜன்னல்ல ரயில் தெரியும் மிஸ்?”

எதிலும் தெரியாது.
அதைச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரமானது.

இப்போது வெள்ளிக்கிழமை மாலைகளில்
பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு
ஜங்ஷன் கடைசியில் நிற்கிறேன், கையில் நோட்டோடு.
டீ விற்பவர் முதல் வாரம் சந்தேகமாகப் பார்த்தார்,
இப்போது கேட்காமலே சர்க்கரை குறைத்துத் தருகிறார்.

நேற்று ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து
சிமெண்ட் வண்டி ஒன்று மெதுவாக வந்தது.
வாலை விட்டுப் படித்தால்
தொண்ணூற்றொன்பதில் முடியும் பெட்டி!
கை நடுங்க எழுதிவிட்டு அடுத்ததைப் பார்த்தேன்.
வேறு வருடம், வேறு குடும்பம்.

வண்டி முழுக்கப் போய், கடைசிச் சிவப்பு விளக்கும் போனது.
நாளைக்கு அவள் முதல் கேள்வியே இதுதான்.
இன்னும் மாட்டவில்லை என்று சொல்ல வேண்டும்.