எதிர்பார்க்கப்படும் நபர்கள்

நகரமன்றம், இரண்டாம் தளம், ஏழாம் ஜன்னல்.
நாய்க்கு உரிமம், நடைபாதைக் கடைக்கு அனுமதி,
அப்புறம் ஊர்வலம்.
மூன்றுக்கும் நான்தான்.

என் முதுகுக்குப் பின்னால் சுவரில்
அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம்.
சட்டத்துக்குள் மாட்டிய சட்டம்.
அதற்கு நேர் கீழே கட்டணப் பட்டியல்:
ஒலிபெருக்கி என்றால் நாற்பது டாலர்,
குப்பைக்கு முன்பணம் நூறு,
பதாகைக் கம்பு முக்கால் அங்குலத்துக்கு மேல்
தடித்திருக்கக் கூடாது.

பதினெட்டு வருஷமாக இந்த ஏரிக்கரை ஊரின் கோபம்
என் மேஜை வழியாகத்தான் தெருவுக்குப் போகிறது,
மூன்று பிரதிகளில்.

பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள் வந்தார்கள்.
பூட்டிய காகித ஆலையின் வாசலில் நிற்க
அதன் பழைய ஆட்கள் வந்தார்கள்.
ஒரே சனிக்கிழமை, ஒரே சதுக்கம் கேட்டு
ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத
இரண்டு கூட்டத்தார் வந்தார்கள்.
இவர்களுக்குப் பத்து மணி, அவர்களுக்கு இரண்டு என்று பிரித்தேன்.
முன்னவர்கள் விட்டுப்போன டோனட்டுகளைப்
பின்னவர்கள் தின்றார்கள்.
அதை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

செவ்வாய்தோறும் ஒன்பது ஐந்துக்கு
ஓர்வில் லிண்ட்குவிஸ்ட்.
தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு
படிவத்தில் எழுதுவார்.
நாள்: வியாழன்.
எதிர்பார்க்கப்படும் நபர்கள்: 1.

இருபத்தைந்து பேருக்குக் கீழே என்றால்
அனுமதியே வேண்டாம் என்று
எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.
'தெரியும்' என்பார்.
'நின்றதற்குத் தாள் வேண்டும்.'

அவர் தெருவுக்கு இன்னும் ஈயக் குழாயில்தான் தண்ணீர்.
முதல் வாரம் தன் நிலவறையிலிருந்து அறுத்தெடுத்த
ஒரு முழக் குழாயைப் பிடித்து நிற்கப்போவதாகச் சொன்னார்.
அளந்தேன். ஒன்றே கால் அங்குலம்.
விதியை வாசித்துக் காட்டினேன்,
குரலைத் தாழ்த்தி.
அதற்குப் பிறகு கண்ணாடி ஜாடி.
சமையலறைக் குழாயில் பிடித்தது,
மூடி போட்டது.

சத்தம் போடமாட்டார்.
மன்ற உறுப்பினர்கள் வரும் படிக்கட்டின் கீழே
ஜாடியை நெஞ்சுக்கு நேரே ஏந்தி
மூன்று மணி நேரம்.
ஜனவரியில் ஏரிக்காற்று அடித்த ஒரு நாள்
தண்ணீர் உறைந்து, பருத்து,
ஜாடியைப் பிளந்துவிட்டது.
கண்ணாடியைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு
ஜாடி உருவத்திலிருந்த பனிக்கட்டியைக்
கையுறையில் ஏந்தி நின்றார்.
மாடியிலிருந்து பார்த்தேன்.
மதிய ரொட்டி என் கையில் பாதி.

என் அப்பா போலீஸ்காரர்.
நான் பிறப்பதற்கு முன்
ஏதோ ஒரு ஊர்வலத்தைக் கலைத்த இரவு
காரின் பின்பெட்டியில் ஒரு பலகையோடு வந்தாராம்.
நல்ல மரம் என்று அறுத்து
கொட்டகையில் அலமாரித் தட்டாக்கிவிட்டார்.
போன வருஷம் வீட்டைக் காலி செய்யும்போது
பெயிண்ட் டப்பாக்களை இறக்கிவிட்டுத் திருப்பிப் பார்த்தேன்.
'நாங்களும்' என்று மட்டும் இருந்தது.
அதற்கடுத்த சொல் எதுவோ
ரம்பத்தோடு போய்விட்டது.
பலகையை என்ன செய்வதென்று தெரியவில்லை.
இப்போது என் காரின் பின்பெட்டியில் கிடக்கிறது.

இந்தச் செவ்வாய், வழக்கம்போல ஒன்பது ஐந்து.
1 என்று எழுதினார்.
கொஞ்ச நேரம் பேனாவைப் பார்த்தார்.
அடித்துவிட்டு 2 என்று எழுதினார்.

'இன்னொருவர் யார்?'

'பேர் தெரியாது.
போன வாரம் ஒன்பதாம் எண் பேருந்துக்கு நின்றிருந்தாள்.
பேருந்து வந்தது.
ஏறவில்லை.'

'இந்த வாரமும் வருவாரா?'

'எதிர்பார்க்கப்படும் என்றுதானே
அச்சடித்திருக்கிறீர்கள்?'

இரண்டாம் நபரின் பெயர், முகவரி, தொலைபேசி:
மூன்று கட்டமும் காலி.
விதிப்படி திருப்பித் தரவேண்டிய தாள்.
முத்திரையில் மை காய்ந்திருந்தது.
ஊதி, மறுபடி தோய்த்து,
அழுத்தினேன்.

வரிசையில் அடுத்தவர் செருமினார்.
நாயின் பெயர் என்ன என்று கேட்டேன்.