மூணாம் செலக்‌ஷன்

பேரணாம்பட்டில் மாட்டுத்தோல் பார்க்கிறேன், பத்தொன்பது வருஷமாய்.
மேசைமேல் விரித்து
உள்ளங்கையால் ஒருமுறை,
விரல் நுனியால் ஒருமுறை.
இது உண்ணி கடித்த பள்ளம்.
இது முள்கம்பி.
இது யாரோ வயிற்று உப்புசத்துக்கென்று சூடு போட்ட இடம்.
அப்புறம் தோள்பட்டைக்குக் கீழே
கை அகலத்துக்குக் காய்ப்பேறி
வழவழத்துக் கிடக்கிற இது,
உரசல்.
சாக்பீஸால் மூன்று என்று எழுதித் தள்ளுகிறேன்.
விலையில் பாதி அங்கேயே போய்விடும்.

எதற்கு உரசியது என்று எழுத
அட்டையில் கட்டம் இல்லை.

உண்ணியாக இருக்கும்.
உதிர மறுத்த பழைய மயிராக இருக்கும்.
"தினவு சார்" என்பார் குல்சார் பாய்,
"தினவுக்குக் காரணம் கேக்கக் கூடாது.
உடம்புன்னா எடுக்கும்."
சொல்லிக்கொண்டே தூணில் முதுகைக் கொடுத்து
மேலும் கீழுமாய் இரண்டு தேய்ப்பு.
இருபது வருஷம் குரோம் தண்ணீர் குடித்த முதுகு.
அந்தத் தூணில் மட்டும்
நாலடி உயரத்தில் சுண்ணாம்பு நிற்பதில்லை.

போன தை மாசம் மாந்தோப்பில் ஆனை புகுந்தது.
காலையில் வாட்சர் துளுக்காணம்
வேலியோரப் புளியமரத்தைக் காட்டினார்.
காயாத செம்மண் சேறு,
அவர் கையைத் தூக்கினாலும் எட்டாத இடத்தில்.
"ஒம்போதடி இருப்பான்.
அவசரமே இல்லாம நின்னு தேச்சிருக்கான் பாருங்க."
நாற்பது கன்று போன ராஜபாதர்
மரத்தருகே போய் எக்கி நின்று
சேற்றை மோந்து பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

முப்பத்திரண்டு அறத்தில் ஒன்று
மாடு உரசக் கல் நடுவது.
சோறு, தண்ணீர், சத்திரம்,
அந்த வரிசையில் இதுவும்.
எவனோ ஒருத்தன்
தன் முதுகைச் சொறிந்துகொண்டே யோசித்திருக்க வேண்டும்.
குடியாத்தம் ரோட்டில் அப்படி ஒன்று இருந்தது.
ரோடு அகலமானபோது
ஜல்லியோடு ஜல்லியாய் அடியில் போயிற்று.

இப்போது மைல்கல்தான்.
ராஜபாதரின் வெள்ளைப் பசு
சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸை நிறுத்திவைத்துத் தேய்க்கும்.
கண் பாதி மூடி, கீழுதடு தொங்கி,
வாலை எங்கோ மறந்துவிட்டு.
முதலில் 'கு' போனது. பிறகு எண்.
டிரைவர் ஹாரன் அடிப்பதில்லை.
இன்ஜினை அணைத்துவிட்டு
அவரும் கழுத்துக்குப் பின்னால்
சீட்டுக் கம்பியில் லேசாய்.

நேற்று ஹைவேஸ்காரர்கள் புதுசாய் எழுதிவிட்டுப் போனார்கள்.
கறுப்புப் பெயின்ட் காயுமுன்னே
அதுவும் வந்தது, நேரத்துக்கு.

இன்று காலை டீக்கடை எதிரே நிற்கிறது,
விலாவில் இடம்வலம் மாறிய எழுத்தோடு:
குடியாத்தம், பதினெட்டு.
கிளாஸைக் கீழே வைத்தேன்.
பழக்கத்தில் கை போயிற்று.
உள்ளங்கையால் ஒருமுறை,
விரல் நுனியால் ஒருமுறை.
தோள்பட்டைக்குக் கீழே அதே காய்ப்பு,
ஆனால் சூடாய், மூச்சுக்கு ஏறி இறங்கி.
சாக்பீஸ் சட்டைப் பையில்தான் இருந்தது.

பசு ஒரு அடி நகர்ந்து
தன் முழு எடையையும்
என்மேல் சாய்த்தது.