உதடுகளின் மேல் வயலின்

பெய்க்கோஸில் படப்பிடிப்பு, ஷிஷ்லியில் என் எடிட்டிங் அறை.
நடுவில் கடல், பாலம், பாலத்தின் மேல் நகராத கார்கள்.
நெர்மினின் முகம் மட்டும்
ஒவ்வொரு நள்ளிரவும் தவறாமல் வந்து சேரும்.

முதலில் பிழை என்றுதான் நினைத்தேன்.
அறுபத்திரண்டாம் பகுதி.
சிறைவண்டியில் ஏறும் மகனை
மழை வழியும் ஜன்னலுக்குப் பின்னிருந்து பார்க்கிறாள் அம்மா.
"உதடுகள் நடுங்குகின்றன" என்பதோடு
நிறுத்திக்கொண்டது ஸ்கிரிப்ட்.
இப்படியான இடங்களில் நாங்கள் வயலினை ஊற்றிவிடுவோம்,
யாருக்கும் எதுவும் கேட்காது.

மைக் பிடித்து வைத்திருந்த சத்தத்தை
ஏதோ பொத்தான் தவறித் திறந்துவிட்டேன்.
கண்ணோரம் நீர் தளும்ப நெர்மின் சொல்லிக்கொண்டிருந்தாள்:
"பருப்பு சூப் கீழ்த்தட்டுல இருக்கு.
சுடவச்சுக் குடி. எலுமிச்சை பிழிஞ்சுக்கோ."

பழைய பகுதிகளைத் தோண்டினேன்.
மகள் கல்யாணத்தில், மாலை வெளிச்சத்தில்:
"கணக்கு நோட்டுல கையெழுத்துப் போட்டாச்சு."
கணவனின் கல்லறைமுன் மண்டியிட்டு:
"வியாழன் நாலு மணி, பல் டாக்டர். ஒளிஞ்சுக்காதே."

தோருக்குக்குப் பதினொரு வயது.
பிறந்ததிலிருந்தே காது கேட்காது.
செவ்வாய் இரவு எட்டு மணிக்கு
கடிக்கோயில் ஐந்தாவது மாடியில் தனியாக உட்கார்ந்திருப்பான்.
எதிர்வீட்டு அரூசியாக் இரண்டுமுறை எட்டிப் பார்ப்பாள்.
அம்மா அந்நேரம் அடுத்த வாரத்துக்காக
அழுதுகொண்டிருப்பாள், அக்கரையில்.
நாடு முழுக்க வயலின் கேட்கும்.
அவன் வாயைப் படிப்பான்.

அடுத்த செவ்வாய்க்கு என்ன சூப் என்று
ஆறு நாள் முன்பே தெரிந்திருக்க வேண்டும் இந்தத் தொழிலில்.

பதினைந்து வருடம் அவளை
அடுத்தவள் கணவனோடு ஓட வைத்தார்கள்,
மாமியாருக்கு விஷம் வைக்க வைத்தார்கள்.
ஒரு சோப்புத்தூள் விளம்பரம், அதிலும் கறைபட்ட சட்டைக்காரி.
முப்பத்தொன்பதில் திடீரென்று அம்மா,
ஆறே வயது இளைய ஒருவனுக்கு.
இப்போது மீன்காரர் ஹம்சிக்குக் காசு வாங்குவதில்லை,
"உங்க பையன் எப்போ விடுதலை ஆவான்?" என்கிறார்.
"ஆயிடுவான்" என்பாள், பையை நீட்டியபடி.
பெய்ரூட்டில் ஒருத்தி, கராக்கஸில் ஒருத்தி
அவளுக்காகக் குரல் கொடுக்கிறார்களாம்.
அந்த ஊர்களில் யாருக்கும் தெரியாது சூப் விஷயம்.

நான் யாரிடமும் சொல்லவில்லை.
தூரக்காட்சிக்கு வெட்டச் சொன்னார் டைரக்டர்.
முகத்தில் உணர்ச்சி இருக்கிறது சார் என்று
நெருக்கக்காட்சியிலேயே நின்றேன்.
பொய்யில்லை.

பிறகு பார்வையாளர் எண்ணிக்கை சரிந்தது.
எழுபத்தொன்பதாம் பகுதியில் அம்மாவைக் கொல்வது என்று முடிவு.
மருத்துவமனைக் கட்டில், ஆக்ஸிஜன் முகமூடி.
முதன்முறையாக என் அறைக்கு வந்தாள் நெர்மின்,
நனைந்த குடையோடு, நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து.
"ஸெலாமி, அந்த முகமூடி வாயை மறைக்குதே" என்றாள்.
எனக்குத் தெரியும் என்பது எப்போது தெரிந்ததோ அவளுக்கு.
படம் பிடிப்பது என் கையில் இல்லை என்றேன்.

அவளே கழற்றிவிட்டாள், கேமரா ஓடும்போது.
மூச்சையும் மகனுக்கே விட்டுக்கொடுத்த தாய்
என்று எழுதியது ஒரு பத்திரிகை.
வயலினை இறக்கிக் கேட்டேன்.
அடுத்த வாரம் படப்பிடிப்பு இல்லை,
அழுவதற்கு அக்கரையில் யாரும் இல்லை.
இறந்துகொண்டே சொல்கிறாள்:
"திரும்பு. பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கேன்."

அந்தச் செவ்வாய் அவன் திரும்பினானா என்று
நான் கேட்கவில்லை.
கண் மூடிய பிறகும் நான்கு விநாடி
அந்த முகத்தை வெட்டாமல் விட்டிருந்தேன்.
தலை திரும்பவும் நேரம் வேண்டுமே.