ஒரு தட்டு கூடுதல்

இந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு.
டிசம்பர் இருபத்துநாலு, இரவு பன்னிரண்டு அடித்தால்
விலங்குகளுக்கு மனிதக் குரல் வரும்.
தொழுவத்தில் மாடு பேசும்,
அடுப்படியில் பூனை பேசும்,
ஒட்டுக்கேட்கப் போனவனுக்கு ஆயுசு குறையும்.

லூப்ளின் நகரத்தில்
அது உண்மையாக இருக்கட்டும் என்று மனமார விரும்புகிறவள்
நான் ஒருத்திதான் இருப்பேன்.
கால்நடை மருத்துவமனை, இரவுப் பணி,
மூன்றாவது வருடமாகக் கிறிஸ்துமஸுக்கு நானே.
எனக்கு ஆருடம் வேண்டாம், உள்மனசு வேண்டாம்.
என்ன தின்றாய், எத்தனை மணிக்கு, எவ்வளவு.
மூன்றே கேள்வி.

போன வருடம் ஒரு நீளநாய்
இருபத்துநாலு சாக்லேட் ஜன்னல்களையும்
ஒரே ராத்திரியில் திறந்துவிட்டது.
அதற்கு முந்தின வருடம் கெண்டை முள்.

பத்தே முக்காலுக்கு வந்தார்கள்.
ஸீமோவித்: மேலே கழுத்துப்பட்டை, கீழே வீட்டுச் செருப்பு,
செருப்புக்குள் பனி உருகிக்கொண்டிருந்தது.
போகுமிலாவின் கம்பளிக்குள் க்லூஸ்கா.
மாவுருண்டை என்று பொருள்.
ஒன்பது கிலோ, குட்டைக் கால்,
நாங்களெல்லாம் தன்னைப் பார்க்கவே கூடியிருப்பதுபோல
வாலாட்டியது.

கசகசா ரொட்டிச் சுருளில் கொஞ்சம்தான் என்றான்.
கொஞ்சமில்லை, ஒரு துண்டு என்றாள்.
ரெண்டு என்றான் பின்னாலிருந்து செஸாரி, வயது ஏழு.
உலர்திராட்சை போட்டீர்களா?
போட்டாள்.
எத்தனை?
ஒரு கைப்பிடி.
யார் கைப்பிடி?
தன் கையை விரித்துப் பார்த்தாள்,
யாரோ கொடுத்துவிட்டுப் போன கை மாதிரி.

திராட்சைக்கு அளவு கிடையாது.
ஒரு நாய் கிண்ணம் நிறையத் தின்றுவிட்டுக் குறட்டை விடும்.
இன்னொன்றுக்கு நாலே நாலு,
மூன்றாம் நாள் சிறுநீர் நின்றுபோகும்.
எது எந்த நாய் என்று நெற்றியில் எழுதியிருக்காது.

மேசை அதற்கு எட்டாது டாக்டர்,
எல்லா நாற்காலியிலும் ஆள் இருந்தார்கள் என்றான் ஸீமோவித்.
ஒண்ணைத் தவிர என்றான் செஸாரி.

பண்டிகை மேசையில் ஒரு தட்டு கூடுதலாக வைப்பது
இங்கே எல்லா வீட்டிலும் உண்டு.
வழி தவறிய யாரோ கதவைத் தட்டினால்
பசியோடு திருப்பி அனுப்பக் கூடாது.
பதினோரு வருடமாக வைக்கிறாள் போகுமிலா.
ஒருவரும் வந்ததில்லை.
இந்த வருடம் வந்தாயிற்று:
இழுத்துப் போட்ட நாற்காலி,
தட்டில் இரண்டு துண்டு.
க்லூஸ்காவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஊசி போட்டேன்.
எச்சில் நூலாக வழிந்தது, முதுகு வளைந்தது.
பாத்திரத்தில் வந்ததை
இடுக்கியால் ஒதுக்கி ஒதுக்கி எண்ணினேன்.
பதினேழு, பதினெட்டு,
பாதிப் பழத்தை எப்படிக் கணக்கில் சேர்ப்பது,
பத்தொன்பது.

அப்போது நள்ளிரவுப் பூசைக்கு மணி அடித்தது.
நாலு பேரும், ஒருவரை ஒருவர் பார்க்காமல்,
அதன் முகத்தைப் பார்த்தோம்.
வாயைத் திறந்தது.
இன்னொரு குமட்டல்,
ஒரு சாண் நீளத்துக்குத் தங்கநிற நாடா.
பரிசுப் பொட்டலத்தில் கட்டியது.
யாரும் பார்க்கவில்லை, யாரும் சொல்லவில்லை.
குடலுக்குள் இறங்கியிருந்தால்
விடிவதற்குள் கத்தி எடுத்திருப்பேன்.

நான் கேட்கத் தவறிய
நாலாவது கேள்விக்குப் பதில்.

இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும் என்றேன்.
முன்னங்காலில் மயிர் மழித்துச் சொட்டு ஏற்றினேன்.
இனிமேல் அந்தத் தட்டை வைக்கவே மாட்டேன் என்றாள் போகுமிலா,
மூக்கைச் சிந்திக்கொண்டே.
தட்டை வையுங்கள்.
நாற்காலியை மட்டும் மேசைக்கடியில் தள்ளிவிடுங்கள்.

கிளம்பும்போது செஸாரி
சட்டைப்பையிலிருந்து மெல்லிய அப்பம் ஒன்று எடுத்தான்.
இளஞ்சிவப்பு, விலங்குகளுக்கென்று தனியாகச் சுடுவது.
ஓரம் உடைந்திருந்தது.
அவளுக்கு. திராட்சை இல்ல, நான் பாத்துட்டேன்.

இன்று வயிற்றுக்கு எதுவும் ஆகாது, நாளைக்கு என்றேன்.
வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன்.
கூண்டுக்குள் க்லூஸ்கா
என் பையையே பார்த்தது.

தொலைபேசி.
மூச்சிரைக்க ஒரு குரல், பின்னால் ஒரு குழந்தையின் அழுகை.
சரி, சொல்லுங்கள்.
என்ன, எத்தனை மணிக்கு, எவ்வளவு.
வேறு ஏதாவது காணோமா வீட்டில்?