மல்லாந்த பிரிஜ்

மூன்றாம் முறையும் கம்பிரசர் செத்ததும்
பிரிஜ்ஜை மல்லாத்திப் பின்வளவில் போட்டேன்.
கதவை இரும்புக்காரன் அறுநூறு ரூபாவுக்கு எடுத்தான்.
மிச்சத்தை மழை நிரப்பியது.
காரைதீவில் கார்த்திகை மழைக்கு
ஓட்டை வாளியும் நிரம்பும்.

மறுகா ஒரு விடியல்
மேல்தட்டுக் கம்பியில்
யாரோ சவர்க்காரம் போட்டுவிட்டுக் கழுவ மறந்ததுபோல்
ஒரு கைப்பிடி நுரை.
தொட்டேன். மேல்தோல் காய்ந்திருந்தது,
உள்ளே அடித்த முட்டை வெள்ளையின் பதம்.
பக்கத்தில் மரத்தவளை,
இரவு முழுக்கப் பின்னங்காலால் கடைந்த களைப்பில்
கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

நான் நீர்ச்சபையில் பில் கட்டும் ஜன்னலில் இருக்கிறேன்.
எட்டு மணியிலிருந்து சனம் ஏசும்.
தண்ணியில என்ன மணம் என்று கேட்கும்.
குளோரின் என்பேன். குடிக்கலாம் என்பேன்.
என் பேத்தைகளுக்கு மட்டும்
அதை அப்படியே கொடுப்பதில்லை.
ஓர் இரவு வாளியில் திறந்து வைத்து
அடுத்த நாள்தான் கோப்பையால் ஊற்றுவேன்.

ஐந்தாம் நாள் நுரை உருகிச்
சொட்டுச் சொட்டாய் விழுந்தன.
இருநூற்றுப் பதினொன்று வரை எண்ணினேன்.
அவித்த முளைக்கீரை தின்றன,
வல்லாரையைத் திரும்பியும் பார்க்கவில்லை.
பசித்தால் ஒன்றையொன்று தின்னும்,
வாலிலிருந்து தொடங்கும்.
இதை நான் கந்தோரில் யாருக்கும் சொல்லவில்லை.

டெங்கு வாரம்.
சுகாதாரப் பரிசோதகர் சியாப்தீன்
டோர்ச்சும் சிவப்பு நோட்டீசுமாய் வந்தார்.
"என்ன இது?"
"பிரிஜ்."
"தண்ணி?"
"மழை."
குனிந்தார். சட்டைப்பைப் பேனை உள்ளே விழுந்தது.
எடுக்கப் போட்ட கையை எடுக்கவில்லை.
விரல் ஒவ்வொன்றையும் மொய்த்துச் சுரண்டின
என் கறுத்தப் பொட்டுகள்.
"கூசுது" என்றார்,
பிறகு நினைவு வந்து,
"நாளைக்குக் கவிழ்த்திரணும். இல்லாட்டிக் கோட்டுக்குத்தான்."
"நுளம்பு ஒண்டும் இல்ல சேர், பாருங்க."
"இண்டைக்கு இல்ல. கப்பி மீன் தாறன், விடுங்க."
"கப்பி வாலைக் கடிக்கும்."
வால் இல்லாத ஒருவர்
இதை விளங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது.

கடைசியில் வலைக்கு உடன்பட்டோம்.
வெள்ளை நுளம்பு வலை, நாலு மூலைக்கும் கல்.
அவர் கையெழுத்துப் போடப்
பேனையிலிருந்து தண்ணீர் வந்தது.

முன்கால் முளைக்கும் நாட்களில்
அவைக்குச் சாப்பாடு இல்லை.
வாய் பழைய வாயாகவும் இல்லை, புது வாயாகவும் இல்லை.
தன் வாலைத் தானே உள்ளுக்குள் உண்டு தீர்க்கும்.
நேற்றுவரை நீந்தியது
இன்று தண்ணீரில் மூச்சுமுட்டிச் சாகும்.
ஏறி உட்காரச் சிரட்டைகள் மிதக்கவிட்டேன்.
காணவில்லை. ஏழு போய்விட்டன.
இன்னும் நாலு சிரட்டை போட்டிருக்கலாம்,
குசினியில் கிடந்தன.

பிழைத்தவை பெருவிரல் நகமளவு.
அழுகிய கதலிப்பழம் வைத்து ஈக்களை வரவழைத்தேன்.
மதிலுக்கு மேலால் எட்டிப்பார்த்த புனிதமலர்
"நாறுது புள்ள" என்றாள்.
நாறியதுதான்.
ஒவ்வோர் இரவும் வலையின் ஒரு மூலையைத் தூக்குவேன்.
எலுமிச்சைக்குப் போனவை போயின,
ஒன்று என் செருப்பில் தங்கியது.

நேற்று விடிய வலைக்கு மேலே
புதிய நுரை.
எந்தத் தவளையோ, வலை என்று தெரியாமல்
அல்லது தெரிந்து.
நுளம்பு நுழையாத கண்ணில் பேத்தையும் நுழையாது.
கணக்குப்படி சனிக்கிழமை சொட்டும்.
சியாப்தீன் வருவது திங்கள்.

நகம்வெட்டும் கத்தரிக்கோலால்
நுரைக்கு நேர்கீழே
ஐந்து ரூபாக் குத்தியளவு வெட்டிவிட்டேன்.
சனிவரை அது ஓட்டை இல்லை,
நுரை அடைத்திருக்கிறது.
பிறகு தைக்க ஊசியில் நூல் கோத்து வைத்திருக்கிறேன்.
கறுப்பு நூல்.
வீட்டில் வேறு நூல் இல்லை.