உயரமான நாற்காலி

லிஃப்டின் கண்ணாடியைக்கூட
செய்தித்தாள் ஒட்டி மறைத்திருந்தான் லாசரோ.
மிர்தாவின் தம்பி. எதிலும் ஒரு பிடி அதிகம்.
என் முகம் இருக்கவேண்டிய இடத்தில்
ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்து முடிவுகள்.
அட்லாண்டா தோற்றிருந்தது.

நான்காம் மாடி. கதவு தாழிடவில்லை.
மணியடிக்க நீண்ட விரலை மடக்கிக்கொண்டேன்.
துக்க வீட்டில் யாரும் வா என்று சொல்வதில்லை.
இருபத்திரண்டு வருடங்களில் இந்த வீட்டில்
எனக்கும் மற்றவர்களுக்கும்
ஒரே வரவேற்பு இன்றுதான்.

காலையில் கல்லறைத் தோட்டத்திலும் அப்படித்தான்.
மண்வெட்டியைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது.
நான் மூன்று முறை மண் தள்ளிவிட்டுக்
குத்தி நிறுத்தினேன்.
லாசரோ வந்து பிடுங்கிக்கொண்டான்.
வழக்கம் எங்கள் இருவரையும் காப்பாற்றியது.

கூடத்தில் மூவர், தரையோடு தரையாக.
என் மகன் தாரியோ,
சட்டை இடப்பக்கம் கிழிந்து.
லாசரோவுக்கும் எஃப்ராயினுக்கும் வலப்பக்கம்.
எஃப்ராயின் அவள் கணவன்.
மனைவிக்கும் அக்காவுக்கும் கிழித்ததை
முப்பது நாள் கழித்துத் தைத்துவிடலாம்.
தாய்க்குக் கிழித்ததற்குச் சரியான தையல் கிடையாது.
ஓட்டுத்தையல் போடலாம்,
தழும்பு வெளியே தெரியும்படி.

எனக்கு எந்தப் பக்கமும் இல்லை.
நேற்று ராத்திரி ரபியிடம் போனில் கேட்டேன்.
"முன்னாள் மனைவிக்கா?" என்றவர்
கொஞ்ச நேரம் பேசவில்லை. வானொலி கேட்டது.
பிறகு விரல்விட்டு எண்ணுகிற குரலில்
அப்பா, அம்மா, மகன், மகள்,
கூடப்பிறந்தவன், கூடப்பிறந்தவள், கட்டியவள்.
கட்டி அவிழ்த்தவளுக்கு
அவர் கணக்கில் வரியில்லை.

ஆகவே எனக்குச் சாப்பாட்டு மேஜை நாற்காலி.
அவர்களைவிட இரண்டு சாண் உயரம்.
தவணையில் நாங்கள் வாங்கிய ஆறில் ஒன்று.
பிரிந்தபோது அவளுக்கு நான்கு, எனக்கு இரண்டு.
என்னுடையவை எப்போதோ கால் உடைந்தன.
இது ஆடக்கூட இல்லை.

வேகவைத்த முட்டை, பயறு.
பயறுக்கு வாயில்லை,
துக்கக்காரனுக்கும் இல்லை என்பார்கள்.
அவர்கள் வாய் திறக்கும்வரை
வந்தவன் திறக்கக்கூடாது.
விட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?
உப்புப் போட மறப்பாள் என்றா?
தூக்கத்தில் பேரம் பேசுவாள் என்றா?
எஃப்ராயினின் துணிச்செருப்பில்
பெருவிரல் எட்டிப் பார்த்தது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருட்டியதும் பிரார்த்தனை. பத்து ஆண்கள் வேண்டும்.
ஆட்களை எண்ணக்கூடாது.
அதனால் எண்ணாதவன்போல எண்ணினான் லாசரோ,
"ஒன்றில்லை, இரண்டில்லை, மூன்றில்லை,"
மருந்துக்கடைக்காரர், எதிர்வீட்டு இரட்டையர்,
தொப்பியைக் கடன் வாங்கிய பிளம்பர்,
"ஒன்பதில்லை."
ஜன்னல் பக்கம் போனான். தெருவைப் பார்த்தான்.
மழை வரும்போல் இருந்தது. யாரும் வரவில்லை.
திரும்பினான்.
என் சட்டைக் காலரைப் பார்த்து,
கண்ணைப் பார்க்காமல்,
"பத்தில்லை" என்றான்.

தாரியோ கதீஷ் சொன்னான்.
அதில் சாவு என்ற சொல் எங்கும் வராது.
அவள் பெயரும் வராது.
அவன் தடுக்கிய இடங்களில்
நான் கொஞ்சம் சத்தமாக ஆமென் சொன்னேன்.
சிறுவயதில் சைக்கிள் பழகியபோது
பின்னால் பிடித்ததுபோல.
அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதும் பார்த்ததில்லை.

ஆட்கள் கலைந்தார்கள், சொல்லிக்கொள்ளாமல்.
நானும் எழப் பார்த்தபோது,
கீழேயிருந்து எஃப்ராயின்,
முட்டையை உரித்தபடி,
உரித்ததைத் தின்னாமல்:

"தூக்கத்தில் பேசுவாளே,
உன்னிடமும் உண்டா?"

குனிந்தேன். அந்த உயரத்திலிருந்து
சரியாகக் காதில் விழவில்லை என்பதுபோல.

"என் காலத்தில் பொத்தான்" என்றேன்.
"டஜன் கணக்கு."

"எனக்குத் திரைத்துணி. மீட்டர் கணக்கு.
கடைசியில் எவ்வளவுக்குப் படியும்?"

"படியாது."

"ஆமாம்" என்றான், "படியாது."
முட்டையை இரண்டாகப் பிட்டான்.