உச்சிக்குழி

ஜெல் குப்பியை அக்குளில் இடுக்கிச் சூடேற்றுகிறேன்.
ஹீட்டர் பழுதாகி இரண்டு வாரம்.
வெளியே பிப்ரவரி,
ஒனேகா ஏரி கரைவரை உறைந்து கிடக்கிறது.

எரெமெய்க்கு வயது இருபத்தாறு நாள்.
உச்சிக்குழியில் கருவியை வைத்ததும்
கொட்டாவி விட்டான்.
எலும்பு இன்னும் வந்து சேராத இடம்;
தோலுக்கடியில் நாடி துடிக்கும்
மெத்தென்ற ஜன்னல்.

உள்ளே வழக்கமான சாம்பல் வெளி,
மடிப்புகள், இரண்டு கரிய பிறைகள்.
இடப்பிறையின் ஓரத்தில்
பயறளவு இருட்டு.

அளவெடுக்க என் விரல் நின்ற
மூன்று நொடியைத்தான்
தாய்மார்கள் கேட்டுவிடுகிறார்கள்.
இருபத்தொரு வருடமாக
அந்த மௌனத்தைச் சுருக்கப் பார்க்கிறேன்.
வரவில்லை.

நீர்க்கட்டி, என்றேன்.
நீரை விட்டுவிட்டுக்
கட்டியை மட்டும் ஏந்திக்கொண்டாள்.

பல குழந்தைகளுக்கு இருக்கும்,
பெரும்பாலும் தானே வற்றிவிடும்,
மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம்.
சொன்னதெல்லாம் உண்மை.
உண்மைக்கு அந்த அறையில் நாற்காலி இல்லை.

தைசியா அழவில்லை.
ஏரியில் பனிக்கட்டியின் கனம் அளப்பவள்.
துளையிட்டுக் கோலை இறக்கி
லாரி போகலாமா கூடாதா என்று
எழுதிக்கொடுப்பது அவள் வேலை.
கட்டி என்றால் அதுவரை அவளுக்கு
அது ஒன்றுதான்.

"எத்தனை மில்லிமீட்டர்?"
"நாலு."
தடுப்பூசி அட்டையின் முதுகில் குறித்தாள்.

"எங்களிடமும் உண்டு, டாக்டர்.
பனிக்கு நடுவே உறையாமல் மாட்டிய நீர்.
அதன்மேல் நடந்துதான் போகிறோம்.
ஆனால் அங்கே வைப்பது
என் காலை."

நான் குழந்தையின் தலையைத் துடைத்தேன்.
துடைத்த இடத்தையே
இன்னொரு முறை துடைத்தேன்.

மே மாதம் வந்தாள்.
ஏரி உடைந்து இரண்டு நாள்;
பூட்ஸில் சேறு.
பிறையோரம் தேடினேன்,
கருவியைச் சாய்த்துத் தேடினேன்.
இல்லை.

"எங்கே போனது?"
பேருந்தில் விட்ட குடையைக்
கேட்பதுபோல் கேட்டாள்.
அட்டையைத் திருப்பி
நாலுக்குக் கீழே பூஜ்யம் எழுதினாள்.
மை பிடிக்கவில்லை.
அழுத்தி மறுபடி எழுதினாள்.

எரெமெய்,
ஜன்னல் சிறுத்துவிட்டது.
அடுத்த வருடம் இந்நேரம் மூடிக்கொள்ளும்.
அதன்பின் உனக்குள் என்ன இருக்கிறதென்று
நான் எட்டிப்பார்க்க முடியாது.
நீயாகச் சொன்னால்தான் உண்டு.

அம்மா கேட்பாள்.
ஏதாவது சொல்.